வேலை போன பிறகு யாரிடம் பேசுவது? வீடு, ரயில் தோழிகள், நோட்டு, கவுன்சலர்: ஓர் ஒப்பீடு

மார்ச் 31-ஆம் தேதி எனக்கு வேலை போனது. அன்றைக்கு என் மூன்று மாத சீசன் டிக்கெட்டில் இன்னும் 38 நாள் பாக்கி இருந்தது. குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம். 22 வருடம் அந்த வழியில்தான் போய் வந்தேன். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு அது. அந்தப் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வர முடிகிறவர்கள் வரலாம் என்றார்கள். ஐம்பது வயதில், பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்த மகளையும் சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் மாமியாரையும் விட்டுவிட்டு எங்கே போவது? கணக்கை முடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் ஜூலையில் மகளும் கோவையில் கல்லூரி சேர்ந்து கிளம்பிப் போனாள்.

இரண்டும் சேர்ந்த அந்த ஆறேழு மாதத்தில், பார்க்கிறவர்கள் எல்லோரும் "யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசு" என்றார்கள். யாரிடம் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் வீட்டாரிடம் பேசினேன், ரயிலில் கூட வரும் பெண்களிடம் பேசினேன், ஜோசியரிடம் போனேன், நோட்டில் எழுதினேன், கடைசியில் கவுன்சலரிடமும் போனேன். எதுவும் வீண் போகவில்லை. ஆனால் ஒன்றில் கிடைத்தது இன்னொன்றில் கிடைக்கவில்லை, அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருந்தால் நாலு மாதம் மிச்சமாகியிருக்கும். வேலை போனவர்கள், ஓய்வு பெறப் போகிறவர்கள், துணையை இழந்தவர்கள், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும் என்பதால், நான் பார்த்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன்.

வீட்டு மனிதர்கள்

முதல் இரண்டு வாரத்துக்கு வீட்டாரை விட்டால் வேறு ஆள் தேவையில்லை. காலையில் என் வீட்டுக்காரர் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். மாமியார், "வேலைதானே போச்சு, உசுரா போச்சு" என்று தலையைத் தடவினார். மதுரையிலிருந்து அண்ணன் போன் செய்து, சுற்றி வளைக்காமல், "பணம் ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். சாப்பாடு, கைமாற்று, ராத்திரி பக்கத்தில் ஓர் ஆள், ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒரு துணை. இதையெல்லாம் எந்த நிபுணரும் செய்ய மாட்டார்.

சிக்கல் மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்தது. ஒரு ராத்திரி பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது என் வீட்டுக்காரரிடம், "எனக்கு என்னவோ மாதிரி இருக்குங்க. காலையில எழுந்தா நான் யாருன்னே புரியல" என்றேன். "ரெண்டு மாசத்துல வேற வேலை கிடைச்சிடும், கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. நான் வேலையைப் பற்றியா கேட்டேன்?

மறுநாள் சாப்பாட்டு மேஜையில், கிழித்த காலண்டர் தாள் ஒன்று கிடந்தது. பின்பக்கம் அவர் கையெழுத்து. வீட்டுக் கடன் 18,400. அம்மா மருந்து 3,200. காலேஜ், ஹாஸ்டல் என்று எழுதி அதற்கு எதிரே ஒரு தொகையும் ஒரு கேள்விக்குறியும். கீழே மூன்று தடவை கூட்டிப் பார்த்திருந்தார். மூன்று தடவையும் ஒரே தொகைதான் வந்திருந்தது. முந்தின ராத்திரி அவர் சொன்ன ஆறுதல் எனக்குச் சொன்னது இல்லை என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர் தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியபோது பக்கத்து வீட்டை உதவிக்குக் கூப்பிட முடியவில்லை. அவர்கள் வீட்டுக்குள்ளும் அதே தண்ணீர்தான். பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் கொண்டுவந்தவர்கள் தண்ணீர் ஏறாத தெருவிலிருந்து வந்தவர்கள். வீட்டில் ஒருவருக்கு வரும் மாற்றமும் இப்படித்தான், வீடு முழுக்கத் தண்ணீர். எனக்கு வேலை போனால் அவருக்கு ஒரு சம்பளம் போகிறது, மகளுக்கு ஒரு நிம்மதி போகிறது. நான் முகம் வாடி உட்கார்ந்தால் அவள் உடனே, "நான் இங்கேயே ஏதாவது காலேஜ்ல சேர்ந்துக்கறேன்மா" என்பாள். அதனால் அவள் முன்னால் வாடுவதையே நிறுத்திக்கொண்டேன்.

கொஞ்சம் தள்ளியிருக்கும் சொந்தங்களிடம் போனால் வேறு மாதிரி. சித்தப்பா வீட்டை விற்றுவிட்டுத் திருநெல்வேலிப் பக்கமே வந்துவிடச் சொன்னார். அத்தை, "இத்தனை நாள் ஓடினது போதும், இனிமே வீட்டைப் பாரு" என்றார். இருவருக்கும் என்மேல் பாசம் அதிகம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சித்தப்பாவுக்கு நாங்கள் பக்கத்தில் வர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அத்தைக்குப் பெண்கள் வேலைக்குப் போவதே பிடிக்காது. என் கேள்விக்கான பதிலாக அவரவர் ஆசையைத்தான் சொன்னார்கள்.

அதனால் என் கருத்து இது: வீட்டாரிடம் செய்யக்கூடிய காரியங்களைக் கேளுங்கள், தீர்ப்பைக் கேட்காதீர்கள். அவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. "வழி எதுவும் சொல்ல வேண்டாம், பத்து நிமிஷம் நான் பேசறதைக் கேட்டா போதும்" என்று இரண்டாவது மாதத்தில் ஒருநாள் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். டிவியை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பேசி முடித்ததும், "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார். கல்யாணமாகி 23 வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

எட்டு பத்து வண்டி

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் வழக்கம்போலப் புடவை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். சீசன் வீணாகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாம்பரம் பக்கமிருந்து காலை 8.10-க்கு வரும் எட்டு பத்து வண்டி, பெண்கள் பெட்டி. அதில் எங்கள் கூட்டம் ஒன்று 14 வருடமாக உண்டு. பாதிப் பேருக்குப் பாதிப் பேரின் பெயர் தெரியாது. பல்லாவரத்து அக்கா, கிண்டி அக்கா, மீனம்பாக்கம் பொண்ணு என்று ஏறும் ஸ்டேஷனும் இறங்கும் ஸ்டேஷனும்தான் பெயர். மூன்று நாள் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நுங்கம்பாக்கம் வரை போய், பிளாட்பார பெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். நாலாம் நாள் பல்லாவரத்து அக்கா என் மடியைப் பார்த்துவிட்டு, "டப்பா எங்க?" என்று கேட்டார். சாப்பாட்டுப் பையை நான் எடுத்துவரவில்லை. சொல்லிவிட்டேன்.

யாரும் ஐயோ என்று சொல்லவில்லை. பேங்கில் வேலை பார்க்கும் கிண்டி அக்கா முதலில் கேட்டது, "கிராஜுவிட்டி வந்துச்சா?" என்று. "பார்க்கலாம்னு சொன்னாங்க" என்றேன். "பார்க்கலாம்னா என்ன? அஞ்சு வருஷம் முடிச்சிருந்தா அது உன் காசு. வருஷத்துக்கு 15 நாள் சம்பளக் கணக்கு. 30 நாளுக்குள்ள கொடுக்கணும், தாண்டினா வட்டி. எழுத்தில கேளு, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வாங்கு" என்றார். திரிசூலம் தாண்டுவதற்குள் கடிதத்தின் வாசகமே தயாராகிவிட்டது. ஐந்து வாரத்தில் பணம் வந்தது. என் வீட்டுக்காரர் காலண்டர் தாளில் கணக்குப் போடுவதை அப்போதுதான் நிறுத்தினார்.

கோடம்பாக்கத்தில் இறங்கும் ஒருவர் எட்டு வருடத்துக்கு முன்பு கணவர் விட்டுப் போனவர். அதைப் பற்றி அதுவரை எங்களிடம் அதிகம் பேசியதில்லை. அன்றைக்கு இறங்குவதற்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி என்னிடம் சொன்னார்: "ஆறு மாசத்துக்கு எதையும் விக்காதே. பெரிசா எதையும் வாங்காதே. கோவத்துல யார் கூடவும் பேச்சை நிறுத்தாதே. நான் இந்த மூணையும் செஞ்சேன்." அந்த ஆறேழு மாதத்தில் எனக்குக் கிடைத்த யோசனைகளில் இதற்கு மேலான ஒன்று இல்லை. சித்தப்பாவின் பேச்சைக் கேட்டு வீட்டை விலைக்குப் போடாமல் இருந்தேன் என்றால் அதற்கு இவர்தான் காரணம்.

தண்ணீர் ஏறாத தெரு என்று சொன்னேனே, அது எனக்கு இந்தப் பெட்டிதான். என் வேலை போனதால் இவர்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. அதனால் பதறாமல் கேட்டார்கள். அதோடு, ஏதோ ஒரு காலத்தில் அதே மாதிரித் தண்ணீரில் நின்று கரையேறியவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

குறைகளும் உண்டு. அரைமணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். கூட்டத்தில் அழ முடியாது. நாலு பேர் காதில் விழுந்தது நாற்பது பேருக்குத் தெரியும். சிலர், "எனக்கும் இப்படித்தான்" என்று ஆரம்பித்து நம் கதையைத் தங்கள் கதையாக்கிவிடுவார்கள். சீசன் முடிந்த பிறகு அவர்களைப் பார்க்க நானாக முயற்சி எடுக்க வேண்டியிருந்தது, மே கடைசியில் அதுவும் குறைந்துபோனது.

இப்படி ஒரு கூட்டம் தானாக அமையாதவர்கள் தேடித்தான் போக வேண்டும். வீட்டில் குடியால் வந்த சிக்கல் என்றால் சென்னையில் வழி சுலபம். அடையாறில் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று எல்லோரும் சொல்லும் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை 1980-லிருந்து இருக்கிறது. குடிப்பவருக்கு மட்டுமல்லாமல் அவர் மனைவி, பெற்றோருக்கும் அங்கே தனியாக உட்கார்ந்து பேச இடம் உண்டு. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டங்களில் பெயர்கூடச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குக் காலை நடைக் கூட்டம், நூலகம், பாட்டு வகுப்பு எதுவானாலும் சரி. வாரத்தில் ஒரே நேரம், ஒரே முகங்கள். அது இருந்தால் மீதி மெல்ல நடக்கும்.

ஜோசியர், ஆன்லைன் வகுப்பு

இவை இரண்டையும் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு ஏழரை முடிய இன்னும் 14 மாதம் என்றார். உண்மையைச் சொன்னால் அந்த வாரம் நன்றாகத் தூங்கினேன். கஷ்டத்துக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது என்பதே நிம்மதிதான். ஆனால் அடுத்த வாரமே எந்த விண்ணப்பமும் போடத் தோன்றவில்லை, எப்படியும் 14 மாதம் ஆகுமே என்று. கோயில் அப்படிச் செய்யவில்லை. நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயிலில் போய் அரைமணி உட்கார்ந்துவிட்டு வந்தால் அன்றைய வேலையைச் செய்யத் தெம்பு வந்தது. நம்பிக்கை உள்ளவர்கள் கோயிலுக்குப் போங்கள், முடிவெடுக்கும் பொறுப்பை ஜாதகத்திடம் கொடுத்துவிடாதீர்கள்.

வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று போட்டுக்கொண்டு மூன்று நாள் ஆன்லைன் வகுப்புக்குப் பணம் கேட்பவர்களிடம் எனக்கு நல்ல அனுபவம் இல்லை. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள எந்தப் படிப்பும் பதிவும் தேவையில்லை. மனசு தளர்ந்திருக்கும் நேரத்தில் நம் கை தாராளமாகிவிடும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

நோட்டு

மகள் எழுதாமல் விட்ட பழைய ரஃப் நோட்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. ஜூன் மாதம் அதில் எழுத ஆரம்பித்தேன்.

எழுதுவது மனசுக்கு நல்லது என்பதைச் சும்மா சொல்லிவிடவில்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியல் ஆய்வாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்களை மிகவும் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனசு இன்னும் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்திருந்தது. இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எழுதியதும் லேசாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அப்புறம், அது நாலு நாள், கால் மணி நேரம்தான், ராத்திரி முழுக்க இல்லை.

எனக்கு 'நான்' என்று எழுத வரவில்லை. 'நீ' என்று எழுதியபோது வந்தது. நம் பழைய அகப்பாடல்களில் நெஞ்சைக் கூப்பிட்டு நிறுத்திப் பேசுவார்களே, அந்த மாதிரி. ஒருநாள் எழுதியது இது: "நீ ஆபீஸை நினைத்து அழவில்லை. மாதக் கடைசியில் வரும் சம்பள மெசேஜை நினைத்தும் அழவில்லை. 'மேடம், இந்தக் கணக்கு டேலி ஆகல, கொஞ்சம் பாருங்க' என்று யாரும் வந்து நிற்பதில்லையே, அதற்கு அழுகிறாய்."

எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எந்த வழியிலும் இது எனக்குக் கிடைத்திருக்காது. அடுத்தவரிடம் பேசும்போது அவருக்குப் புரியும்படி, அவர் வருத்தப்படாதபடி நாம் கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறோம். நோட்டுக்கு அந்தத் தேவை இல்லை. பிறகு நான் எந்த மாதிரி வேலை தேடினேன் என்பதை முடிவு செய்ததே இந்த மூன்று வரிதான். பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பிப்பதை விட்டுவிட்டு, நாலு பேர் கணக்கோடு வந்து நிற்கும் இடமாகத் தேடினேன்.

ஆனால் நோட்டு எதிர்க் கேள்வி கேட்காது. அதன் பலமும் குறையும் அதுதான். மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த பிறகு தினமும் எழுதினேன், முன்னைவிட அதிகமாக எழுதினேன். ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினால், பதினோரு பக்கங்களில் "இனிமேல் என்னால் யாருக்கும் ஒன்றும் இல்லை" என்ற ஒரே வாக்கியம் இருந்தது. கையெழுத்துகூட மாறவில்லை. நோட்டை மூடி வைத்தேன். எழுதியது ஒரு வாரத்தில் கொஞ்சமாவது நகர்கிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் சுற்றினால் அதற்கு மேல் தனியாக முடியாது என்று அர்த்தம்.

நடுராத்திரிக்கு

ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டாரையும் எழுப்ப முடியாது, ரயிலும் ஓடாது. அந்த நேரத்துக்கென்று இருப்பவை தொலைபேசி உதவிகள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இலவசம், பகலும் இரவும் உண்டு, தமிழில் பேசலாம், தேவைப்பட்டால் மருத்துவரிடம் தொடர்பும் ஏற்படுத்துவார்கள். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய சிநேகா அமைப்பில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நாம் சொல்வதைக் கேட்பார்கள், புத்திமதி சொல்ல மாட்டார்கள். எண் 044-24640050. செத்துப்போய்விடலாம் என்ற நினைப்பு வருகிறவர்கள் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இப்போதே 14416-ஐக் கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

கவுன்சலர், உளவியலாளர், மனநல மருத்துவர்

எங்கள் தலைமுறைக்கு 'கீழ்ப்பாக்கம்' என்றாலே வசவுதான். பள்ளிக்கூடத்தில் ஒருவரை ஒருவர் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். 1794-இல் தொடங்கிய ஒரு மருத்துவமனை, இன்றைக்கும் புற நோயாளிகளை இலவசமாகப் பார்க்கும் அரசு மனநலக் காப்பகம், அதன் பெயரை வைத்துச் செய்த கேலி எத்தனை பேரை வாசல்வரை போய்த் திரும்ப வைத்ததோ. என்னையும் மூன்று மாதம் தள்ளிப்போட வைத்தது அதுதான். இதைப் படிப்பவர்களில் ஒருவராவது அந்தக் கூச்சத்தை விட்டால் எனக்கு நிம்மதி.

நான் முதலில் போனது எங்கள் தெரு முனையில் இருக்கும் குடும்ப டாக்டரிடம். எல்லோருக்கும் அதையே சொல்வேன். தூக்கமின்மை, படபடப்பு, சோர்வு என்று நான் சொன்னதும் அவர் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொன்னார், மாதவிலக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஐம்பதை ஒட்டிய பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் காலமும் வாழ்க்கை மாற்றமும் ஒன்றாக வந்து நிற்கும். எது உடம்பால், எது மனசால் என்று பிரித்துப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை உதவும். எனக்கு ஹீமோகுளோபின் குறைவாக இருந்தது. இரும்புச் சத்து மாத்திரையோடு, "ஒரு கவுன்சலரையும் பாருங்க" என்றார்.

இங்கே பெயர்க் குழப்பம் நிறைய. மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மாத்திரை எழுதிக் கொடுக்கலாம். மருத்துவ உளவியலாளர் மாத்திரை தர மாட்டார், பேச்சின் வழியாகச் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பதிவு எண் கேட்டால் கோபப்பட மாட்டார். கவுன்சலர் என்ற பலகையை மட்டும் யார் வேண்டுமானாலும் மாட்டலாம். அதனால் என்ன படிப்பு, எங்கே பயிற்சி என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். எத்தனை வாரம் ஆகும், கட்டணம் எவ்வளவு என்பதையும் கேளுங்கள். நான் விசாரித்த இடங்களில் ஒரு தடவைக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் வரை சொன்னார்கள். அது முடியாதவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டும், பேசக் கிடைக்கும் நேரம் குறைவு, ஆனால் காசு இல்லை. சிகிச்சை தருபவர்கள் நாம் சொன்னதை, சில விதிவிலக்குகள் தவிர, வெளியே சொல்லக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. ரயில் பெட்டியில் இந்த உறுதி கிடைக்காது.

எந்தக் கட்டத்தில் போவது? இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனசு சோர்ந்தே கிடந்தாலோ, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனாலோ, தூக்கமும் பசியும் மாறிப்போனாலோ காத்திருக்க வேண்டாம். மாத்திரை எழுதிக் கொடுத்தால் பயப்படவும் வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், நடுவில் நாமாக நிறுத்தக் கூடாது. எனக்கு மாத்திரை தேவைப்படவில்லை.

முதலில் பார்த்தவர் எனக்குச் சரிப்படவில்லை. இருபது நிமிடத்துக்குள், பெண்கள் இந்த வயதில் வீட்டுக்கு நேரம் கொடுப்பதும் ஒரு வரம்தான் என்றார். என் அத்தையே சொல்லியாயிற்று, அதற்கு எதற்கு ஆயிரம் ரூபாய்? மாற்றிக்கொண்டேன். மாற்றலாம், அதில் தவறே இல்லை.

இரண்டாமவர் அதிகம் பேசவில்லை. முதல் நாளே ஒரு பட்டியலைக் காட்டினார். 1967-இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு அமெரிக்கர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு வைத்தது. துணையின் மரணம் 100, வேலையை விட்டு அனுப்பப்படுவது 47, ஓய்வு பெறுவது 45, பிள்ளை வீட்டை விட்டுப் போவது 29. கல்யாணத்துக்கு 50 என்று இருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன். நல்லது நடந்தாலும் பழக்கம் மாறுகிறதே, அதற்குத்தான் அந்த மதிப்பெண் என்றார். மகள் ஆசைப்பட்ட படிப்பு கிடைத்துப் போயிருக்கிறாள், அதற்கு நான் ஏன் இப்படி உடைய வேண்டும் என்று இரண்டு மாதமாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு திட்டுவதை விட்டேன்.

மூன்றாவது வாரம் அவர் கேட்டார்: "இதுக்கு முன்னாடி உங்க வாழ்க்கை இப்படித் தலைகீழா மாறினது எப்போ? அப்ப யார் துணையா இருந்தாங்க?" அப்பா இறந்தபோது எனக்கு 26 வயது. யோசித்துப் பார்த்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே ஆபீஸ் போய்விட்டேன், அப்போது வேறு ஆபீஸ். மார்ச் மாத வருடக் கணக்கு முடிக்கும் நேரம், ராத்திரி ஒன்பது மணிவரை வேலை. அழ நேரமில்லை. "அப்ப வேலைதான் துணையா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, சொன்னது என் காதிலேயே விழுந்து அழுதேன். துக்கம் வந்தால் நான் போய் ஒளியும் இடம் வேலை. இந்தத் தடவை போனதே அந்த இடம்தான்.

வீட்டாரால் இதைக் கேட்டிருக்க முடியாது, பயம். ரயிலில் இதற்கு நேரமில்லை. நோட்டில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஆறு தடவை போனேன், மொத்தம் ஒன்பதாயிரம் ரூபாய். அந்தச் செலவுக்கு நான் வருந்தியதே இல்லை. ஆனால் முதல் மாதத்திலேயே போயிருந்தால் இந்தப் பலன் கிடைத்திருக்குமா என்றால் சந்தேகம்தான். அப்போது எனக்கு வேண்டியிருந்தது கிராஜுவிட்டிக் கடிதம்.

இப்போது யாராவது கேட்டால்

எங்கள் மாடியில் இருப்பவர் அரசு ஊழியர். தமிழ்நாட்டில் ஓய்வு வயதை 2021-இல் 60 ஆக்கியதால் ஒரு வருடம் கூடுதலாகக் கிடைத்தது என்று அப்போது சந்தோஷப்பட்டவர், இந்த ஜூனில் ஓய்வு பெறுகிறார். என்னிடம், "கவுன்சலிங் போகணுமாம்மா?" என்று கேட்டார். இப்போதைக்கு வேண்டாம் அண்ணா, உங்களுக்கு முதலில் ஓர் எட்டு பத்து வண்டி வேண்டும் என்றேன். ஓய்வு பெறும் நாளுக்கு முன்பே, வாரத்தில் மூன்று நாள், குறித்த நேரத்தில் போய் நிற்க ஓர் இடம். பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் மாலை நேரம் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் பேசி வைத்திருக்கிறார்.

நான் இப்போது கோடம்பாக்கத்தில் ஓர் ஆடிட்டரிடம் வாரம் மூன்று நாள் போகிறேன். சின்னக் கடைக்காரர்கள் ஜிஎஸ்டி கணக்கை எடுத்துக்கொண்டு வந்து மேஜை முன்னால் நிற்கிறார்கள். பழைய சம்பளத்தில் பாதிதான். மறுபடியும் சீசன், மறுபடியும் அதே பெட்டி.

போன மாதம் மீனம்பாக்கம் பொண்ணு என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசினாள். வயது 34. புருஷனைப் பிரிவதா, சேர்ந்து இருப்பதா என்று தெரியவில்லை. அடியும் உண்டு. "அம்மாகிட்ட முதல்ல சொல்லட்டுமா அக்கா?" என்று கேட்டாள். மற்றவர்களுக்கு நான் வீட்டைத்தான் முதலில் சொல்வேன். இவளுக்குச் சொல்லவில்லை. அவள் அம்மா ஊரில் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டியவர், சேர்த்து வைக்கத்தான் பார்ப்பார். பயமாக இருக்கும் நேரத்தில் கூப்பிட 181 என்றேன். பெண்களுக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, ஹைகோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம் என்றேன். நான் பார்த்த அந்த இரண்டாவது கவுன்சலரின் எண்ணையும் கொடுத்தேன். நோட்டு வேண்டாம், வீட்டில் வைத்தால் அவன் எடுத்துப் படிப்பான். அம்மாவிடம் எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பதைக் கவுன்சலரோடு உட்கார்ந்தே முடிவு செய்துகொள்ளட்டும்.

எண்ணை போனில் போட்டுக்கொண்டாள். பெயர் கேட்ட இடத்தில் 'டெய்லர்' என்று அடித்தாள். மாம்பலம் வந்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கூட்டத்தைத் தள்ளி இறங்கினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். பாதி நாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போகிறேன்.